மௌனம் சம்மதமா?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனை)



காலியான தீப்பெட்டிகளை நூலில் கோத்து, 'கூ... சிக்குபுக்கு' என்று திண்ணையில் இழுத்து விளையாடாத குழந்தைகள் நம்மில் மிகக் குறைவு. தீப்பெட்டி கிடைக்காத நாளில், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் இரயில் விட்டிருக்கிறோம். வளர்ந்ததும் அந்த விளையாட்டை மறந்துவிட்டோம். ஆனால், உலகின் பல நாடுகளில், தலை நரைத்த பிறகும் அதை விடாதவர்கள் இருக்கின்றனர். மாடியறையிலோ, வீட்டின் பின்புறக் கொட்டகையிலோ, பலகை அடித்து, தண்டவாளம் பதித்து, நிலையங்களும் சிக்னல்களும் அமைத்து, உண்மை இரயிலை அப்படியே சிறிதாக்கி ஓட்டுகின்றனர். இதை மாதிரி இரயில் என்று சொல்கிறோம். அத்தகைய ஓர் இரயில் பாதையை அமைப்பதும் இயக்குவதும் நம் குடும்பங்களுக்கு என்ன சொல்லித்தர முடியும் என்பதை, இன்றைய சிந்தனையில் தேட முயல்வோம்.

இந்தப் பொழுதுபோக்கில் புகழ்பெற்ற ஒருவர், பீட்டர் டென்னி. இவர் இங்கிலாந்துத் திருஅவையைச் சேர்ந்த ஓர் அருட்பணியாளர். கார்ன்வால் பகுதியில் பங்குப்பணி செய்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், தன் வீட்டில் ஒரு சிறிய இரயில் பாதையை அமைக்கத் துவங்கினார். பக்கிங்காம் என்ற ஊருக்கு ஓர் இரயில் நிறுவனம் தனியாக ஒரு கிளைப்பாதை போட்டிருந்தால், 1907ம் ஆண்டில் அது எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, அதை உருவாக்கினார். பெட்டிகளையும் என்ஜின்களையும் பெரும்பாலும் தன் கையாலேயே செய்தார். உண்மை இரயிலின் ஓர் அடி நீளம், அவர் பாதையில் 4 மில்லிமீட்டர். அதாவது, ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்கு. பல பத்தாண்டுகள் அவர் அதை வளர்த்துக்கொண்டே இருந்தார்.

அன்பர்களே, இப்படி ஒரு பாதையை அமைப்பவர் முதலில் செய்யவேண்டியது, அடிப்பலகையைச் சமமாக அமைப்பது. பலகை கோணினால், தண்டவாளம் கோணும். தண்டவாளம் கோணினால், வண்டி தடம்புரளும். அடுத்தது, வளைவு. இடம் போதவில்லை என்று வளைவை அதிகம் குறுக்கினால், நீளமான பெட்டிகளால் அதில் திரும்ப இயலாது. அதன் பிறகு, மின்சாரம். இரண்டு தண்டவாளங்களின் வழியே மின்சாரம் பாய்ந்து, சக்கரங்களின் வழியாக ஏறி, என்ஜினுக்குள் இருக்கும் சிறிய மோட்டாரைச் சுழற்றுகிறது. தண்டவாளத்தில் கொஞ்சம் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் போதும், என்ஜின் நடுவழியில் நின்றுவிடும். எனவேதான், இரயில் ஓட்டுமுன், பொறுமையாகத் தண்டவாளத்தைத் துடைக்கின்றனர்.

பழைய முறையில், கையருகே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் மின்னழுத்தம் கூடும், வண்டி வேகமெடுக்கும். குறைத்தால், வேகம் குறையும். மின்சாரத்தின் திசையை மாற்றினால், வண்டி பின்னோக்கிப் போகும். ஒரே ஒரு என்ஜின் ஓடும்வரை, இதில் சிக்கல் இல்லை. முழுக் கட்டுப்பாடும் நம் கையில்.

இரண்டாவது என்ஜினை அதே தண்டவாளத்தில் வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. திருகைத் திருப்பினால், இரண்டும் சேர்ந்து ஓடும். நிறுத்தினால், இரண்டும் சேர்ந்து நிற்கும். முதல் பிள்ளை பிறந்தபோது சுலபமாகத் தோன்றிய வளர்ப்பு, இரண்டாவது பிள்ளை வந்ததும் ஏன் கடினமாகிறது என்பதை அறிந்த பெற்றோருக்கு, இது நன்றாகப் புரியும். "அண்ணன் படிக்கிறான், நீயும் படி" என்று ஒரே திருகால் இருவரையும் ஓட்டப் பார்க்கிறோம். ஒருவன் பாய்ந்து ஓடுகிறான், மற்றவன் தடம்புரள்கிறான்.

இதற்கு மாதிரி இரயில்காரர்கள் கண்ட முதல் தீர்வு, தண்டவாளத்தில் ஆங்காங்கே சிறிய இடைவெளி விட்டு, பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்சு வைப்பது. பிறகு, கணினித் தொழில்நுட்பம் வளர்ந்தது. 1990களில், அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம், புதிய முறை ஒன்றைப் பொதுவான விதியாக ஏற்றுக்கொண்டது. இந்த முறையில், தண்டவாளம் முழுவதும் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும். ஒவ்வோர் என்ஜினுக்குள்ளும் ஒரு சிறு சில்லு. அதற்கு ஓர் எண். அந்த மின்சாரத்தோடு சேர்ந்தே கட்டளைகளும் போகின்றன. 'எண் 12, மெதுவாகப் போ' என்ற கட்டளை எல்லா என்ஜின்களையும் எட்டும். ஆனால், 12ம் எண் கொண்ட என்ஜின் மட்டுமே அதற்குக் கீழ்ப்படியும். இதில் ஒரு சுவையான தகவலும் உண்டு. கடையிலிருந்து வரும் புதிய என்ஜின்களுக்கு, வழக்கமாக 3 என்ற எண்ணே கொடுக்கப்பட்டிருக்கும். உரிமையாளர் அதை மாற்றி, தனி எண் கொடுக்காவிட்டால், இரண்டு புதிய என்ஜின்களும் ஒரே கட்டளைக்கு ஒன்றாகவே ஓடும். ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் அழைக்கவேண்டுமானால், முதலில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க நேரம் ஒதுக்கவேண்டும்.

இத்துடன் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. எண் கொடுத்தாலும், சில்லு வைத்தாலும், ஒரே பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகளை அனுப்பினால், அவை மோதத்தான் செய்யும். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. அவருக்கு முன்னால் உள்ள பாதை காலியாக இருக்கிறதா என்றும் தெரியவேண்டும். இந்தப் பாடத்தை உண்மை இரயில்கள் மிகுந்த கண்ணீரோடு கற்றுக்கொண்டன.

1889ம் ஆண்டு, ஜூன் 12ம் தேதி. அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து, மெத்தடிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெரியவர்களுமாக, கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டனர். வண்டி முழுவதும் கூட்டம். ஏற்றம் ஒன்றில் என்ஜின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டுசெல்ல முடிவெடுத்தனர். அவ்வாறு செய்தபோது, பின்பகுதிப் பெட்டிகள் போதிய பிரேக் இன்றி, சரிவில் பின்னோக்கி ஓடத் துவங்கின. அதே பாதையில், பின்னால் அடுத்த இரயில் வந்துகொண்டிருந்தது. 80 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

பின்னால் வந்த அந்த இரயிலை அனுப்பியவர்கள், அன்றைய விதிப்படியே நடந்துகொண்டனர். ஒரு வண்டி போய் இத்தனை நிமிடங்கள் ஆகிவிட்டனவா, அடுத்ததை அனுப்பலாம் என்பதே அந்த விதி. முன்னால் சென்ற வண்டி போய்ச் சேர்ந்ததா, வழியில் நின்றுவிட்டதா என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்பதற்கு ஏற்பாடும் இல்லை. 'இவ்வளவு நேரம் ஆகிவிட்டது, போய்ச் சேர்ந்திருக்கும்' என்ற ஊகம் மட்டுமே இருந்தது. அதே ஆண்டில், பிரித்தானிய நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. பயணிகள் இரயில் பாதைகளைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இருக்கவேண்டும் என்ற முறையைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது.

இந்த முறை எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் கவனிப்போம். இரண்டு நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிக்னல்காரர். இருவருக்கும் இடையே மின்கம்பி, ஒரு மணி. முதலாமவர் ஒருமுறை மணி அடிக்கிறார். 'கவனிக்கிறீர்களா?' என்று பொருள். மற்றவரும் ஒருமுறை அடித்து, 'கவனிக்கிறேன்' என்கிறார். பிறகு நான்கு முறை மணி ஒலிக்கிறது. 'விரைவு வண்டி ஒன்று இருக்கிறது, பாதை காலியா?' என்பது கேள்வி. மற்றவர் தன் பாதையைப் பார்க்கிறார். காலியாக இருந்தால், அதே நான்கு மணியைத் திருப்பி அடிக்கிறார். அதன் பிறகே வண்டி புறப்படும்.

பாதை காலியாக இல்லையென்றால்? அவர் பதில் மணி அடிக்கமாட்டார். மௌனமாக இருப்பார். அந்த மௌனத்தின் பொருள், 'இப்போது வேண்டாம்' என்பதே. கேட்டவர் காத்திருந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்கவேண்டும்.

நம் ஊரிலும் இது புதிதல்ல. நம் நாட்டு இரயில்வேக்கும் இந்த முறை வந்து சேர்ந்தது. 'லைன் கிளியர் கிடைக்கலை' என்று, சிறிய நிலையங்களில் வண்டி நிற்கும்போது பயணிகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்போம். ஒற்றைப் பாதையில், நிலையத்தில் நிற்பவர் நீட்டும் பெரிய வளையத்தை, ஓடும் என்ஜினிலிருந்து ஓட்டுநர் கையை நீட்டிப் பற்றிக்கொள்ளும் காட்சியையும் நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த வளையத்தில் இருந்த டோக்கன்தான், 'இந்தப் பாதை உனக்கு' என்பதற்கான அடையாளம். அது கையில் வராமல், வண்டி நிலையத்தைத் தாண்டக்கூடாது.

அன்பு நெஞ்சங்களே, 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பது நம் ஊர்ப் பழமொழி. சிக்னல் அறையிலோ, மௌனம் மறுப்பு. இந்த இரண்டில் எதை நம் வீட்டில் பின்பற்றுகிறோம்?

மகளுக்கு வரன் பார்க்கிறோம். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை அவங்க வர்றாங்க" என்று அவளிடம் சொல்கிறோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறாள். "பொண்ணுக்குச் சம்மதம்தான், வெட்கப்படுறா" என்று நாமே பொருள் சொல்லிக்கொள்கிறோம். நாள் குறிக்கிறோம், மண்டபம் பார்க்கிறோம். திருமண நாளில், பீடத்தின் முன், மணமக்கள் இருவரும் முழு மனச் சுதந்திரத்துடன் வந்திருக்கிறார்களா என்று அருட்பணியாளர் கேட்கிறார். திருஅவை இதைச் சடங்குக்காகக் கேட்பதில்லை. மனமார்ந்த சம்மதம் இல்லையேல் திருமணமே இல்லை என்பது திருஅவையின் உறுதியான படிப்பினை. ஆனால், ஊரே கூடியிருக்கும் அந்த வேளையில், அந்தப் பெண்ணால் என்ன பதில் சொல்லமுடியும்? வண்டி பாதி தூரம் வந்த பிறகு, பாதை காலியா என்று கேட்பதைப் போன்றது அது. பீடத்தில் கேட்கப்படும் அந்தக் கேள்வி, பல மாதங்களுக்கு முன்பே, நம் வீட்டு அடுப்படியில், தாயும் மகளும் தனியே இருக்கும் நேரத்தில், கேட்கப்பட்டிருக்கவேண்டும். 'இல்லை' என்று சொன்னாலும் அடி விழாது, அழுகை எழாது என்ற நம்பிக்கையும் அவளுக்குத் தரப்பட்டிருக்கவேண்டும்.

வயதான பெற்றோர் விடயத்திலும் இதுவே நடக்கிறது. அப்பா இறந்த பிறகு, அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கூடிப் பேசுகிறோம். வீட்டை வாடகைக்கு விடுவதாகவும், அம்மாவை நகரத்துக்கு அழைத்துப்போவதாகவும் முடிவெடுக்கிறோம். எல்லாம் அன்பினால்தான். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் அன்றாடம் நடந்துபோகும் கோவிலும், கணவரின் கல்லறையும், பேச்சுத் துணைக்கு இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவும் இந்த ஊரில்தான் என்பதை அவர் சொல்லாவிட்டாலும், நாம் கேட்டிருக்கலாம். கேட்ட பிறகு அவர் வருவதற்கும், கேட்காமல் அவரை ஏற்றிச்செல்வதற்கும், மிகப்பெரிய வேறுபாடு இருக்கிறது.

கல்லூரியிலிருந்து திரும்பும் மகன், செருப்பைக் கழற்றுமுன்னே, "மார்க் என்ன ஆச்சு?" என்று கேட்கிறோம். வேலை முடிந்து வரும் கணவரோ மனைவியோ, கையில் உள்ள பையைக் கீழே வைக்குமுன், அன்றைய குறைகள் அனைத்தையும் அனுப்பிவிடுகிறோம். நாம் சொல்வது நியாயமாகவே இருக்கலாம். நியாயமான வண்டிதான், நேரம் தவறாத வண்டிதான். ஆனால், எதிர்ப்பக்கத்துப் பாதையில் ஏற்கனவே வேறொரு வண்டி நின்றுகொண்டிருக்கலாம் அல்லவா? அலுவலகத்தில் நேர்ந்த ஓர் அவமானம், நண்பனுடன் நேர்ந்த ஒரு பிரிவு, யாரிடமும் சொல்லாத ஓர் அச்சம்... "உன்கிட்ட கொஞ்சம் பேசணும், இப்போ பேசலாமா?" என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

அருட்பணியாளர் டென்னி அவர்களின் இரயில் பாதைக்குத் திரும்புவோம். அவரது நிலையங்களுக்கு இடையிலும், உண்மை இரயிலைப் போன்றே மணி அடித்துக் கேட்டுத்தான் வண்டிகளை அனுப்பினர். ஒரு நிலையத்தில் ஒருவர், அடுத்த நிலையத்தில் மற்றொருவர் என்று இருந்தால்தான், கால அட்டவணைப்படி அனைத்தும் நடக்கும். அவருடைய மகன் கிறிஸ்பின், கிரான்பரோ என்ற நிலையத்தை இயக்கி வந்தார். மகனுக்குப் பதிலாக அந்த இடத்தில் இயங்குவதற்கென, அருட்பணியாளர் டென்னி ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர், 'தானியங்கி கிறிஸ்பின்'. மணி அடித்தால் அதுவும் பதில் மணி அடிக்கும். தன் நிலையத்தின் வேலைகளை வரிசையாகச் செய்யும். கணினிகள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இதைச் செய்தார் என்பது வியப்பைத் தருகிறது.

மாதிரி இரயில்காரர்கள் அந்த இயந்திரத்தை இன்றும் புன்னகையோடு நினைவுகூர்கின்றனர். நாம் அதன் பெயரைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்கலாம். அவர் அந்த இயந்திரத்திற்கு ஓர் எண்ணைக் கொடுத்திருக்கலாம். மகனின் பெயரைக் கொடுத்தார். பிள்ளைகள் வளர்வார்கள், தங்கள் வாழ்வைத் தேடிப் போவார்கள். அவர்கள் அமர்ந்த இருக்கை காலியாகும். இது இயல்பு, நல்லதும்கூட. ஆனால், நம் பிள்ளைகள் நம் அருகில் இருக்கும்போதே, அவர்களைத் தானியங்கியாக மாற்றிவிடும் ஆபத்து நமக்கு உண்டு. மணி அடித்தால் பதில் மணி. சொன்னால் 'சரிப்பா', 'சரிம்மா'. இப்படி ஒரு பிள்ளை இருந்தால், 'தங்கமான பிள்ளை' என்று ஊர் மெச்சும். 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், 2001ம் ஆண்டு திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்ற இடத்தில், உலகின் மிகப்பெரிய மாதிரி இரயில் பாதை இருக்கிறது. அங்கு ஆயிரத்துக்கும் அதிகமான இரயில்கள். அவற்றைக் கணினிகள் இயக்குகின்றன. இவ்வளவு வளர்ச்சிக்குப் பிறகும், மோதாமல் இரயில் ஓட்டுவதற்கு அடிப்படையான விதி ஒன்றே: அடுத்த பகுதி காலியாகும்வரை, இந்த வண்டி காத்திருக்கவேண்டும்.

அனைத்தும் வல்ல இறைவனும் கேட்டுவிட்டே செயலாற்றினார் என்பதை நற்செய்தி நமக்குச் சொல்கிறது. நாசரேத்தில் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணிடம் வானதூதரை அனுப்பினார். அவர் குழம்பினார், கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு விளக்கம் தரப்பட்டது. அவர் 'ஆகட்டும்' என்று சொல்லும்வரை, வானதூதர் அங்கிருந்து அகலவில்லை. 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரிடம் இயேசு, நலம்பெற விருப்பமா என்று கேட்டார். பார்வையற்ற பர்த்திமேயுவிடம், தான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். கேட்காமலே தரும் வல்லமை உள்ளவரே கேட்கிறார் என்றால், நாம் எத்தனைமுறை கேட்கவேண்டும்!

இறுதியாக, மணிமொழியில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வண்டி போய்ச் சேர்ந்ததும், அந்தப் பக்கத்துச் சிக்னல்காரர் கடைசிப் பெட்டியைப் பார்ப்பார். அதன் பின்புறம் விளக்கு இருக்கிறதா என்று கவனிப்பார். இருந்தால், வண்டி முழுமையாக வந்துவிட்டது, வழியில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று பொருள். அதன் பிறகே, இரண்டு மணியும் ஒரு மணியுமாக அடித்து, 'வண்டி வந்து சேர்ந்தது' என்று தெரிவிப்பார். நம் ஊர் இரயில்களின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் பார்த்திருப்போம். அதுவும் இதற்காகத்தான். அர்மாவில் பின்தங்கி நின்ற பெட்டிகளை இப்போது எண்ணிப்பார்த்தால், அந்தச் சிறு விளக்கின் மதிப்பு புரியும்.

நாம் சொன்னது மற்றவரை முழுமையாகச் சென்றடைந்ததா? பாதி வழியில் ஏதேனும் கழன்று நிற்கிறதா? "நான் சொன்னது உன் மனசை நோகடிச்சுதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அடுத்ததைத் துவங்கலாமே.

இந்த வாரம், நம் இல்லத்தில் ஒருவரைத் தேர்ந்துகொள்வோம். அவரைப் பற்றி நாம் ஏற்கனவே எடுத்துவிட்ட ஒரு முடிவை மனதில் கொள்வோம். அது படிப்பாக இருக்கலாம், திருமணமாக இருக்கலாம், மருத்துவமாக இருக்கலாம், வீடு மாறுவதாக இருக்கலாம். அவரிடம் சென்று அமர்ந்து, அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்போம். பதில் வராவிட்டால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், காத்திருந்து மீண்டும் கேட்போம்.

கேட்கும் பணிவையும், காத்திருக்கும் பொறுமையையும், வரும் பதில் எதுவானாலும் அதை ஏற்கும் மனதையும் இறைவன் நம் குடும்பங்களுக்குத் தரவேண்டும் என்று மன்றாடுவோம். அடுத்த வாரச் சிந்தனையில் மீண்டும் சந்திப்போம்.